டி.வி. பட்டறைக்குக் காப்புரிமை நோட்டீஸ் வந்தால்: பணம் கட்டுவதா, எதிர்ப்பதா, மாற்றிச் செய்வதா?

டி.வி. அசெம்பிள் செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்கு வெளிநாட்டு நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து காப்புரிமை நோட்டீஸ் வந்தால் நான்கு காரியங்கள் செய்யலாம். ராயல்டியைப் பேசிக் குறைத்துக் கட்டலாம். அந்தக் காப்புரிமையே செல்லாது என்று எதிர்க்கலாம். அந்தத் தொழில்நுட்பம் இல்லாமல் டி.வி.யை மாற்றிச் செய்யலாம். மதர்போர்டு விற்றவரைப் பொறுப்பேற்கச் சொல்லலாம். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. கடிதத்தை டிராயரில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது. பலருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

சேலம் சூரமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகனுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பேனல், மதர்போர்டு, பேக்லைட் ஸ்ட்ரிப் எல்லாவற்றையும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் டெல்லியிலும் வாங்கி, பி.ஐ.எஸ். பதிவு எடுத்து, சொந்தப் பெயரில் விற்கிறான். மே மாதக் கோடை விழாவுக்குள் ஏற்காட்டில் இரண்டு விடுதிகளுக்கு டி.வி. கொடுக்க ஆர்டர் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் ‘எச்.இ.வி.சி. வீடியோ டீகோடிங்கில் எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள்’ என்று கடிதம். எச்.இ.வி.சி. என்பது வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை, டீகோடிங் என்பது சுருக்கியதைத் திரும்ப விரிப்பது. அவனுக்காக உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற சிறு தொழில்காரர்களுக்கும் உதவும்.

அவன் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, போர்டு அவங்க போர்டு, சிப்பு அவங்க சிப்பு. நான் ஸ்க்ரூ முடுக்கி ஸ்டிக்கர் ஒட்டறேன். என்னை ஏன் கேக்கறாங்க?”

நியாயமான கேள்விதான். ஆனால் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, ஒரு பொருளைச் செய்வதை மட்டுமல்லாமல் பயன்படுத்துவது, விற்பனைக்கு வைப்பது, விற்பது, அதற்காக இறக்குமதி செய்வது என எல்லாவற்றையும் தடுக்கும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுக்கிறது. விற்றாலே போதும், பொறுப்பு வந்துவிடும். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் டி.வி.யை வாங்கி அறைகளில் மாட்டும் ஏற்காடு விடுதிக்காரர்கூட ‘பயன்படுத்துபவர்’தான். நடைமுறையில் அவரைத் தேடிப் போக மாட்டார்கள். சொந்தப் பெயர் ஒட்டி விற்பவரைத்தான் தேடி வருவார்கள்.

எந்த வழியில் போவது என்பது, அந்தக் காப்புரிமை டி.வி.யின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் பார்க்காமல் வக்கீலைப் பார்ப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. பேனலுக்குள் இருக்கும் விஷயமென்றால் அது பேனல் தயாரிப்பாளர்களின் சண்டை. சாம்சங்கும் எல்.ஜி.யும் 2012-ல் டிஸ்ப்ளே காப்புரிமைக்காக ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள், 2013-ல் சமாதானமாகி வாபஸ் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் காப்புரிமைக் குவியல் இருந்ததால் அது முடிந்தது. நம்மிடம் மாற்றிக் கொடுக்க ஒன்றும் கிடையாது. பேக்லைட்டில் என்றால் வேறு கதை. நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பாஸ்பர் வைத்து வெள்ளை ஒளி எடுக்கும் முறைக்காக ஜப்பானின் நிச்சியா நிறுவனம் பல நாடுகளில் வழக்காடியது. ஆனால் ஸ்ட்ரிப்பை வேறு தயாரிப்பாளரிடம் வாங்கிக்கொள்ள முடியும். தம்பிக்கு வந்த நோட்டீஸ் சொல்லும் எச்.இ.வி.சி.யோ மெயின் சிப்பிலும் அதன் மென்பொருளிலும் இருக்கிறது. 2013-ல் தரமாக அறிவிக்கப்பட்ட வீடியோ சுருக்க முறை அது. 2003-ல் வந்த எச்.264-க்குத் தேவைப்பட்ட டேட்டாவில் ஏறத்தாழப் பாதியில் அதே தரமான படத்தைக் கொடுக்கும். 4கே வேண்டுமென்றால் அதைத் தவிர்ப்பது கடினம்.

போர்டு விற்றவரைப் பொறுப்பாக்கும் வழியை முதலில் பார்ப்போம். எல்லோருக்கும் பிடித்த வழி இது. சட்டத்திலும் இடம் இருக்கிறது. 107ஏ பிரிவின்படி, ஒரு பொருளைத் தயாரித்து விற்கச் சட்டப்படி அதிகாரம் பெற்றவரிடமிருந்து இறக்குமதி செய்தால் அது மீறல் ஆகாது. ஆனால் இரண்டு சிக்கல்.

முதல் சிக்கல், நிரூபணம். டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஜூலையில் பிலிப்ஸ் நிறுவனத்தின் டி.வி.டி. பிளேயர் வழக்கில் கொடுத்த தீர்ப்பைச் சிறு அசெம்பிளர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகளின் வழக்கு அல்ல அது. உதிரி பாகங்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி இங்கே டி.வி.டி. பிளேயர் பூட்டியவர்கள் மேல் 2009-ல் போட்டது. உரிமம் உள்ளவர்களிடமிருந்துதான் பாகங்கள் வாங்கினோம் என்றார்கள் பிரதிவாதிகள். அதை நிரூபிக்க அவர்களால் முடியவில்லை. வழக்கு முடிவதற்குள் 2015-ல் காப்புரிமையே காலாவதியாகிவிட்டது. அப்படியும் தப்பவில்லை. 2010 மே 27 வரை விற்ற ஒவ்வொரு பிளேயருக்கும் 3.175 டாலர், அதன் பிறகு காலாவதியாகும் வரை 1.90 டாலர் என்று ராயல்டி கட்டச் சொன்னது நீதிமன்றம். ஒரு பிரதிவாதிக்குத் தண்டனை இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் தனியாக. ஒரு டி.வி.டி. பிளேயரில் அசெம்பிளருக்கு என்ன நின்றிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சிக்கல் பலருக்கும் தெரியாதது. சிப் கம்பெனி ராயல்டி கட்டியிருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கோடெக் எனப்படும் வீடியோ சுருக்க முறைகளுக்குப் பல நிறுவனங்களின் காப்புரிமைகளைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்புகள் பொதுவாகச் சிப் தயாரிப்பாளரிடம் ராயல்டி வாங்குவதில்லை. முழு டி.வி.யாகச் செய்து தன் பெயரில் விற்பவரிடம்தான் கேட்கின்றன. டால்பி போன்ற ஒலித் தொழில்நுட்பங்களில் சிப்புக்கு ஓர் உரிமம், அதை வைத்து டி.வி. செய்பவருக்கு இன்னோர் உரிமம் என்று இரண்டு அடுக்கு. ஆகவே போர்டின் பெட்டியில் லோகோ அச்சடித்திருப்பதால் நம் பக்கம் சுத்தம் என்று அர்த்தமில்லை. இவ்வளவு இருந்தும் இந்த வழியை நான் தள்ளிவிட மாட்டேன். அடுத்த லோடு வாங்கும்போது, ‘மூன்றாவது நபர் காப்புரிமை வழக்குப் போட்டால் செலவு விற்பவருடையது’ என்ற ஒரு வரியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுத வைக்க முடிந்தால் நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட் வியாபாரி அதில் கையெழுத்துப் போடத் தயங்குவார். அந்தத் தயக்கமே நமக்கு ஒரு தகவல்தான்.

அடுத்து, பணம் கட்டுவது. கேட்டவுடன் வயிறு எரிகிறது, ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் காப்புரிமைகளைச் சேர்த்து ஒரே உரிமமாகக் கொடுக்கும் தொகுப்பைப் பேட்டன்ட் பூல் என்கிறார்கள். எம்பெக் எல்.ஏ. நிறுவனம் நடத்திய எச்.264 தொகுப்பில் ஆண்டுக்கு முதல் 1,00,000 கருவிகளுக்கு ராயல்டி கிடையாது. அதற்கு மேல் கருவிக்கு 20 அமெரிக்க சென்ட், 50 லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட். அதே நிறுவனம் எச்.இ.வி.சி. தொகுப்பைத் தொடங்கியபோது அதிலும் முதல் 1,00,000-க்கு ஒன்றுமில்லை, பிறகு 20 சென்ட் என்றுதான் இருந்தது. 2023-ல் அது வியா லைசென்சிங்குடன் சேர்ந்து வியா எல்.ஏ. ஆனது. வருடத்துக்குச் சில ஆயிரம் டி.வி. செய்கிற சூரமங்கலத்துப் பட்டறை அந்த லட்சத்தின் பக்கமே போகாது. அதாவது கையெழுத்துப் போட்டு, விற்ற எண்ணிக்கையை ஒழுங்காகக் கணக்குக் காட்டினால், அந்தத் தொகுப்பைப் பொறுத்தவரை கட்ட வேண்டியது பூஜ்யமாகவே இருக்கலாம்! இதைத் தெரிந்துகொள்ளாமல் பயந்து கடையை மூடுவதும் தவறு, வீறாப்பாக மறுப்பதும் தவறு.

ஆனால் எச்.இ.வி.சி.யின் கெட்ட நேரம், அதன் காப்புரிமைகள் ஒரே தொகுப்பில் இல்லை. ஆக்சஸ் அட்வான்ஸ் என்று இன்னொன்று உண்டு. எந்தத் தொகுப்பிலும் சேராமல் தனியாகக் கேட்பவர்களும் உண்டு. ஒருவருக்குக் கட்டினால் எல்லோருக்கும் கட்டியதாகாது. அதனால் நோட்டீஸ் அனுப்பியவர் யார், எந்தத் தொகுப்பில் இருக்கிறார், அந்தத் தொகுப்பில் நமக்கு இலவச வரம்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். தொகை கேட்டால் மூன்று விஷயத்தைப் பேச வேண்டும். முன்பு விற்றதற்குத் தனியாக எவ்வளவு, இனி விற்பதற்கு எவ்வளவு, காப்புரிமை காலாவதியானால் ராயல்டி தானாக நிற்குமா. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. எம்பெக்-2 தொகுப்பில் ஒரு காலத்தில் கருவிக்கு 2.50 டாலர் வாங்கினார்கள். 2018 பிப்ரவரியில் அதன் கடைசி அமெரிக்கக் காப்புரிமை காலாவதியான பிறகு அங்கே அதற்குக் கேட்பார் இல்லை.

எதிர்ப்பது என்ற வழி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நம் மனதுக்குப் பிடித்தது அதுதான், ஆழம் தெரியாமல் இறங்கிவிடுவதும் அதில்தான்.

முதலில் காசு செலவில்லாத வேலை. காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் அந்தக் காப்புரிமை இருக்கிறதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். அமெரிக்க எண்ணைக் காட்டிச் சேலத்தில் பணம் கேட்க முடியாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இன்னும் விண்ணப்பமாகவே இருந்தால் அது வழங்கப்படும் வரை வழக்குப் போட முடியாது. வழங்கப்பட்டதாக வெளியிட்டு ஓர் ஆண்டு ஆகாமல் இருந்தால், சம்பந்தப்பட்ட எவரும் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அந்த ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டால் 64-ஆம் பிரிவின் கீழ் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் சென்னையில்தான் தலைமையிடம் வைத்திருந்தது. அதையும் 2021-ல் கலைத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு முக்கியமான கட்டுப்பாடு. காற்றாலைக் காப்புரிமைகள் பற்றிய அலாய்ஸ் வொப்பன் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓர் ஆண்டுக்குள் எதிர்ப்பு மனு, தனியாக ரத்து மனு, வழக்கு வந்தால் அதற்குள் எதிர்க்கோரிக்கை என்று கதவுகள் பல இருந்தாலும், ஒருவரே எல்லாவற்றிலும் நுழைய முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை விட வேண்டும். ஆகவே கோபத்தில் அவசரப்பட்டு ஒரு மனுவைப் போட்டுவிட்டு, நாளைக்கு டெல்லியில் வழக்கு வரும்போது கை கட்டப்பட்டு நிற்கக் கூடாது. ஓர் ஆண்டுக் கெடு இன்னும் இருந்து, அதே விஷயம் முன்பே வெளியாகியிருந்தது என்பதற்குப் பழைய ஆதாரம் பலமாகக் கையில் இருந்தால் எதிர்ப்பு மனு. மற்றபடி, வழக்கு வந்தால் எதிர்க்கோரிக்கை என்று வைத்துக்கொள்வதே நல்லது. மாவட்ட நீதிமன்றத்தில் அவர்கள் வழக்குப் போட்டிருந்தாலும், ரத்து கேட்டு எதிர்க்கோரிக்கை வைத்தவுடன் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும்.

எதிர்த்தவர்கள் ஜெயித்ததும் உண்டு. ஒரே போனில் இரண்டு சிம் போடுவதற்கு மதுரைக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கி, 2009 வாக்கில் சுங்கத் துறை மூலம் இறக்குமதி போன்களை நிறுத்த வைத்தார். போன் கம்பெனிகள் எதிர்த்துப் போராடி 2012-ல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்ய வைத்தன. பிறகு 2018-ல் சுங்க விதிகளிலிருந்தே காப்புரிமையை நீக்கிவிட்டார்கள். அதனால் போர்டு கண்டெய்னரைத் துறைமுகத்தில் சுங்கத் துறை காப்புரிமைக்காகப் பிடித்து வைக்கும் என்ற பழைய பயம் இப்போது வேண்டாம். நீதிமன்ற உத்தரவு என்றால் அது வேறு.

ஆனால் எதிர்ப்பதற்கு ஆகும் காலம்? பஜாஜும் நம் ஓசூர் டி.வி.எஸ்.ஸும் இரட்டை ஸ்பார்க் பிளக் காப்புரிமைக்காக 2007-ல் தொடங்கிய சண்டை 2019-ல் சமாதானத்தில்தான் முடிந்தது. இன்னொரு போக்கும் வந்திருக்கிறது. 2023-ல் நோக்கியா–ஓப்போ வழக்கில், வழக்கு முடியும் முன்பே ஒரு தொகையை நீதிமன்றத்தில் டெபாசிட் செய்யும்படி டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. அது போன் வழக்கு, ஒரு தொழில்தரத்தைப் பின்பற்றினால் தவிர்க்கவே முடியாத காப்புரிமைகள் பற்றியது. எச்.இ.வி.சி.யும் அதே வகை. பெரிய கம்பெனி டெபாசிட் கட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடரும். பட்டறைக்காரருக்கு அந்த டெபாசிட்டே மூலதனத்தில் பாதி.

சின்னவர்கள் பெரியவர்களோடு மோதி ஜெயிக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. எலக்ட்ரானிக் டி.வி.யின் தொடக்கமே அப்படி ஒரு வழக்கில்தான் இருக்கிறது. பைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற விவசாயி வீட்டுப் பையன், ஆர்.சி.ஏ. என்ற மாபெரும் கம்பெனியை 1930-களில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்கொண்டார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 1922-ல் அவர் கரும்பலகையில் விளக்கிய யோசனையை, அவருடைய வேதியியல் ஆசிரியர் நினைவிலிருந்து வரைந்து காட்டிச் சாட்சி சொன்னார். யார் முந்தி என்ற கேள்வியில் ஃபார்ன்ஸ்வொர்த் ஜெயித்தார். காப்புரிமைகளை வாங்கிப் போட்டே பழகிய ஆர்.சி.ஏ., 1939-ல் அவருக்கு 10 லட்சம் டாலர் உரிமத் தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது. நம் காலத்திலும் நானோகோ என்ற சின்ன பிரிட்டிஷ் நிறுவனம், க்யூ.எல்.இ.டி. டி.வி.யில் வரும் குவான்டம் டாட் காப்புரிமைக்காக 2020-ல் சாம்சங் மேல் வழக்குப் போட்டு, 2023-ல் 15 கோடி டாலருக்குச் சமாதானம் செய்தது. இரண்டு கதையிலும் சின்னவர் கையில் சொந்தக் கண்டுபிடிப்பு இருந்தது. பூட்டி விற்கும் நமக்கு இருக்கும் ஒரே ஆயுதம், அந்தக் காப்புரிமைக்கு முன்பே அதே விஷயம் வெளியாகியிருந்தது என்பதற்கான பழைய ஆவணம் மட்டும்தான். வீடியோ கோடெக்கில் அதைத் தேடிப் பிடிக்க நிபுணர் வேண்டும், அவருக்குப் பணம் வேண்டும்.

மாற்றிச் செய்யும் வழியில் இரண்டு உதாரணம் நேர் எதிராக நிற்கின்றன. டி.வி. நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துப் பிறகு பார்க்கும் வசதிக்காக எக்கோஸ்டார் நிறுவனத்தின் மேல் டீவோ நிறுவனம் 2004-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2006-ல் ஜூரி டீவோவுக்குச் சுமார் 7.4 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எக்கோஸ்டார் மென்பொருளை மாற்றிவிட்டோம் என்றது. மாற்றம் பெயரளவில்தான் என்று நீதிமன்ற அவமதிப்பு வரை போய், கடைசியில் 2011-ல் 50 கோடி டாலரில் முடிந்தது. மறுபக்கம் எல்.ஜி., அமெரிக்காவின் புதிய ஒளிபரப்பு முறையான ஏ.டி.எஸ்.சி. 3.0 சம்பந்தமான வழக்கில் 2023-ல் ஒரு டி.வி.க்கு 6.75 டாலர் என்ற கணக்கில் ஜூரி தீர்ப்பு வந்ததும், 2024 மாடல்களில் அந்த வசதியையே நிறுத்துவதாக அரசு ஆணையத்திடம் சொல்லிவிட்டது. அரைகுறையாக மாற்றினால் மாட்டிக்கொள்வோம், முழுசாக எடுத்துவிட்டால் தப்பலாம்.

இதை ஏற்காடு ஆர்டருக்குப் பொருத்திப் பார்த்தேன். அந்த இரண்டு விடுதி அறைகளிலும் டி.டி.எச். அல்லது அரசு கேபிள் செட்-டாப் பாக்ஸ் இருக்கிறது. படத்தைச் சுருக்கத்திலிருந்து விரிக்கும் வேலையைப் பாக்ஸ் செய்து, எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டி.வி.க்குக் கொடுக்கிறது. டி.வி.க்குள் இருக்கும் எச்.இ.வி.சி. அங்கே சும்மாதான் கிடக்கிறது. ஸ்மார்ட் இல்லாத, எச்.இ.வி.சி. டீகோடர் இல்லாத சாதாரண எச்.டி. போர்டு போட்டுக் கொடுத்தால் விடுதிக்காரருக்கு எந்தக் குறையும் தெரியாது, விலையும் குறையும். மென்பொருளில் அணைத்து வைத்த போர்டு வேண்டாம், சிப்பிலேயே இல்லாத போர்டு வேண்டும். சேலம் கடைகளில் விற்கும் 43 இஞ்ச் 4கே ஸ்மார்ட் டி.வி.க்கு இது உதவாது. ஓ.டி.டி. இல்லாத 4கே டி.வி.யை இன்று யார் வாங்குவார்கள்? 2018-ல் வந்த ஏ.வி.1 கோடெக் இலவசம் என்று சொல்லி ஆறுதல் பட வேண்டாம். அதற்கும் காப்புரிமை இருக்கிறது என்று சிஸ்வெல் என்ற நிறுவனம் தனியாகத் தொகுப்பு நடத்துகிறது.

டிராயரில் பூட்டும் வழிக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. 111-ஆம் பிரிவின்படி, காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் இழப்பீடு கிடையாது. நோட்டீஸ் கையில் வந்த நாளோடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். பதில் போடாத ஒவ்வொரு மாதமும் தெரிந்தே விற்ற மாதம். அதே சமயம் மிரட்டலுக்கும் மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால் 106-ஆம் பிரிவின் கீழ் நாமே வழக்குப் போடலாம். காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டலாகாது.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது இது. ஏற்காடு ஆர்டரை எச்.இ.வி.சி. இல்லாத போர்டில் முடித்துக் கொடு. கடை விற்பனைக்கான 4கே டி.வி.க்கு உரிமம் எடுக்கப் பேசு. ரத்து மனுவை இப்போது தொடாதே. பதில் கடிதத்தில் மீறலை ஒப்புக்கொள்ளும் வார்த்தை ஒன்றும் இருக்கக் கூடாது. இந்தியக் காப்புரிமை எண், எந்த க்ளெய்ம் (காப்புரிமையில் உரிமை கோரும் வாசகம்), அதன் ஒவ்வொரு அம்சமும் நம் டி.வி.யில் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், ராயல்டி விகிதம், எந்தத் தொகுப்பு என்பதையெல்லாம் கேட்டு, நியாயமான நிபந்தனையில் உரிமம் எடுக்கத் தயார் என்று எழுத வேண்டும். பிற்பாடு நீதிமன்றம் போனால் அந்த ஒரு வரி நமக்குப் பெரிய பலம். அவர்கள் காட்டும் காப்புரிமை கடந்த ஓர் ஆண்டுக்குள் வழங்கப்பட்டது என்று தெரிந்தாலோ, க்ளெய்மின் ஓர் அம்சம் நம் போர்டில் இல்லை என்று காட்ட முடிந்தாலோ என் யோசனையை மாற்றிக்கொள்வேன்.

பதிலின் வரைவு இப்போது வக்கீல் கையில் இருக்கிறது, கெடு முடிய நாள் இருக்கிறது. போர்டு வியாபாரி பழைய பில்களின் நகலை அனுப்பிவிட்டார். உரிமம் பற்றிய தாள் எதுவும் அதில் இல்லை. தயாரிப்பாளரிடமிருந்து அதை வாங்கித் தரும்படி மறுபடி எழுதியிருக்கிறோம். வராவிட்டால் அடுத்த லோடு வேறு இடத்தில் எடுப்பது என்று தம்பி முடிவு செய்துவிட்டான்.